பழுப்பு இலையின் வேலை

கொல்லிமலையில் சூப்புக்கு விற்கிறார்களே முடவாட்டுக்கால், அந்தப் பெரணியை வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை ஒளித்து வைக்க வேண்டும். கிழங்கு என்று விற்கப்படும் அந்த மயிரடர்ந்த தண்டு மண்ணுக்குள் விளைவதல்ல. பாறைமீதும் மரக்கிளைமீதும் ஊர்ந்து போவது. அதில் இரண்டு வகை இலைகள் உண்டு. நீண்ட காம்போடு ஆழமாகப் பிளவுபட்டு நிற்கும் பச்சை இலை உணவும் தயாரிக்கும், ஸ்போர்களையும் சுமக்கும். மற்றொன்றுக்குக் காம்பே இல்லை. தண்டை ஒட்டி நிமிர்ந்து, கொஞ்ச நாளில் பழுப்பேறி, மொடமொடவென்று அப்படியே நின்றுவிடும். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஓக் மரத்தின் இலையை நினைத்துப் பெயர் வைத்தது இதைப் பார்த்துத்தான். நம்மவர்களோ செத்த இலை என்று வெட்டியெறிகிறார்கள். சுத்தம் என்ற பெயரில் தோட்டங்களில் நடக்கும் அநியாயங்களுக்கு அளவில்லை.

அது செத்த இலைதான். ஆனால் வேலையில் இருக்கும் இலை. கோடையில் இந்தப் பெரணி தன் பச்சை இலைகளை உதிர்த்துவிடுகிறது, பழுப்பு இலையை விடுவதில்லை. காரணமில்லாமல் ஒரு செடி இப்படிச் சேமிக்குமா? மேலிருந்து விழும் சருகும் பட்டைத்தூளும் புழுதியும் அந்த இலைக்குப் பின்னால் தங்கி மட்கும். வேர்கள் அதற்குள் இறங்கும். மொட்டைப் பாறையில் மண்ணுக்கு வேறு வழி ஏது? பெரணிகள் அந்தரத்தில் சேர்க்கும் மண்ணைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். போர்னியோவின் டானும் பள்ளத்தாக்கில், சருகைச் சேர்க்கும் இன்னொரு பெரணியான பறவைக்கூட்டுப் பெரணியை ஆராய்ந்தார்கள். பெரிய செடி ஒன்று ஈர எடையில் 200 கிலோ வரை வந்தது. அவற்றுக்குள் குடியிருந்த பூச்சிபுழுக்களையும் கணக்கில் சேர்த்ததும், அந்தக் காட்டின் மர உச்சிகளில் வாழும் சிற்றுயிர்களின் எடை பற்றிய மதிப்பீடு ஏறக்குறைய இரட்டிப்பானது. 2004-இல் ‘நேச்சர்’ இதழ் இதை வெளியிட்டது.

தொட்டியில் உரம் போடும்போது சருகு எதற்கு என்று கேட்கலாம். உரம் பசியைத்தான் தீர்க்கும். வேருக்கு நிழலும் ஈரமும் தராது. இந்தப் பெரணி தான் ஏறிய மரத்தை உறிஞ்சிவிடும் என்பது வெறும் பயம், பாறையில் உறிஞ்ச என்ன இருக்கிறது? உளுத்த கிளை பாரம் தாங்காமல் முறியக்கூடும், அது நியாயமான கவலை. சருகில் பூரான் வருமே என்றால், வரும். கட்டிலோரச் சன்னலில் தொங்கவிடாதீர்கள்.

தண்டைப் புதைத்தால் அழுகும். தேங்காய் மட்டையிலோ கரடுமுரடான பட்டையுள்ள மரத்திலோ கயிற்றால் கட்டிவிடுவது நல்லது. தொட்டிதான் வேண்டும் என்றால் செங்கல் ஜல்லி, கரி, மட்டைத் துண்டு நிரப்பி, மேலாக வைத்தால் போதும். நேர் வெயில் ஆகாது. மழைக்காலத்தில் தாராளமாகத் தண்ணீர். கோடையில் இலை கொட்டினால் பதறி வாளியோடு ஓட வேண்டியதில்லை. பழுப்பு இலைக்குப் பின்னால் அவ்வப்போது ஒரு பிடி காய்ந்த சருகைப் போடுங்கள். சந்தையில் வாங்கும்போது வளரும் நுனி இருக்கிறதா என்று பாருங்கள், அந்தத் துண்டுதான் சீக்கிரம் பிடிக்கும். நுனி முறிந்ததைச் சூப்புக்கு அனுப்பலாம்.