பதிவாளருக்கு வந்த மடல்கள்

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே சேப்பாக்கம் செல்லும்போதெல்லாம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் கணிதமேதை இராமானுஜனோடு இன்னொருவரையும் எனக்கு நினைவூட்டும். அவர் அந்நாளைய பதிவாளர் பிரான்சிஸ் டியூஸ்பரி. மேதையை உலகறியச் செய்த ஹார்டியைப் போற்றுகிறோம், தகும். ஆயினும், ஆய்வாளரின் அன்றாட வாழ்வு அலுவலகக் கோப்புகளையும் சார்ந்திருக்கிறது.

1913இல், பட்டம் பெறாத அத்துறைமுக எழுத்தருக்குப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. வயிற்றுக் கவலையின்றிக் கணிதத்தில் ஆழ அவருக்கு வழி பிறந்தது. அடுத்த சனவரியில், கேம்பிரிட்ஜிலிருந்து சென்னை வந்திருந்த நெவில், இராமானுஜனை இங்கிலாந்துக்கு அனுப்ப நிதி வேண்டி டியூஸ்பரிக்கு மடல் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கப்பட்டது. மார்ச்சு 17 அன்று கப்பல் புறப்பட்டுவிட்டது! உதவித்தொகைக் கோப்புக்காகப் பல திங்கள் காத்திருந்தவன் நான். இவ்விரைவு எனக்கு இன்றும் வியப்பே.

1919 சனவரி 11 அன்று, இங்கிலாந்தில் நோயுற்றிருந்த இராமானுஜன் அதே பதிவாளருக்கு எழுதினார். பல்கலைக்கழகம் தமக்கு வழங்கவிருக்கும் தொகையில் பெற்றோருக்கும் தம் தேவைக்கும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் செலவிடுமாறு வேண்டினார்.