படக்கதைப் பெட்டி



ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று எங்கள் மகள்கள் கேட்டார்கள். நாங்கள் நால்வரும் கூடிப் பேசினோம். பக்தியில் தொடங்கிய பேச்சு, எப்படியோ படக்கதைப் புத்தகங்களில் வந்து நின்றது. அதையே எழுதுகிறோம்.

எறையூர் எங்கள் ஊர். சர்க்கரை ஆலையும் கரும்பு வண்டிகளும் நிறைந்த ஊர். 1985ஆம் ஆண்டு அங்கிருந்து நாங்கள் ஐந்து சிறுமியர் வெளியூர் விடுதி ஒன்றில் தங்கி ஆறாம் வகுப்பில் சேர்ந்தோம். ஆம், ஐந்து பேர். இன்று எழுதுவோர் நால்வர்.

அந்நாளில் தொலைக்காட்சியை நாங்கள் கண்டதில்லை. எங்களுக்கு உலகத்தைக் காட்டியவை படக்கதைகளே என்றால் அது மிகையாகாது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவை விடுதியில் தடையின்றிப் படிக்கலாம். வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படம் இன்றும் எங்கள் கண்ணில் நிற்கிறது.

மற்றவையோ மறைவாக வந்தவை. எங்களுள் ஒருத்தியின் அண்ணன் பெரம்பலூர்ப் பேருந்து நிலையக் கடையில் வாங்கி, பலகாரப் பைக்குள் வைத்து அனுப்புவார். சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ். 1984இல் பிறந்த லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ். அவற்றை வரலாற்று நோட்டுக்குள் வைத்துப் படிப்போம்.

எங்கள் உள்ளம் கவர்ந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் தோன்றி, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஒருவரின் கைவண்ணத்தில் வளர்ந்து, முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழ் பேசியவர் அவர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். எங்கள் விடுதியிலோ மின்சாரமே அடிக்கடி மறைந்துவிடும்! அப்போது யாராவது எவர்சில்வர் டம்ளரைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து பயமுறுத்துவாள்.

எங்களுள் ஐந்தாமவள் கரும்பு வெட்டுபவரின் மகள். வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் திணறுவாள்; வகுப்பே சிரிக்கும். அவளைப் படக்கதைகள் மாற்றின. படம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல், மீதியை வாசிக்க வைக்கும். ஆறு மாதத்தில் காலை வழிபாட்டில் தடுமாறாமல் வாசித்தாள். ஆசிரியைகள் வியந்தார்கள். காரணம் எங்களுக்குத் தெரியும், நாங்கள் சொல்லவில்லை.

ஒருநாள் பெட்டிகளைச் சோதித்தார்கள். பதினேழு புத்தகங்களும் அவள் தகரப்பெட்டியில் இருந்தன. அதில்தான் இடம் இருந்தது; அவளிடம் துணிகள் குறைவு. "இவை யாருடையவை?" என்று கேட்டார்கள். நாங்கள் நால்வரும் தலைகுனிந்து நின்றோம். அவள் மட்டும், "என்னுடையவை" என்றாள். புத்தகங்கள் சமையற்கட்டு அடுப்புக்குப் போயின. தந்தையை அழைத்து வரும்படி சொல்லி அவளை ஊருக்கு அனுப்பினார்கள். அவள் திரும்பவில்லை. சில வாரங்களில் அருட்சகோதரி ஒருவர் அவளைத் தேடி எறையூருக்கே சென்றார். குடும்பம் கரும்பு வெட்ட வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது.

அந்த ஆண்டு ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை ஆலயத்துக்கு எங்களைத் திருப்பயணம் அழைத்துச் சென்றார்கள். அங்கே வாழ்ந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையை வழியில் ஓர் ஆசிரியை சொன்னார். ஆற்றைக் கடந்த சீடர்கள், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால், ஓர் ஆள் குறைகிறது என்று அழுத கதை அது. பேருந்தே சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. எங்கள் கணக்கில் உண்மையாகவே ஒருத்தி குறைந்திருந்தாள்.

தமிழுக்கு அரும்பணி ஆற்றிய அம்முனிவரே நகைச்சுவைக் கதை எழுதினார் என்றால், கதைப் புத்தகம் படிப்புக்குப் பகை ஆகுமா? இதை அன்றே எங்கள் பெரியவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் துணிவில்லை. "அவை எங்களுடையவையும்தான்" என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. குற்றம் புத்தகத்தில் இல்லை. அடுப்பில் இட்டவர்களைக் குறை கூறவும் எங்களுக்கு உரிமையில்லை. மௌனமாயிருந்தவர்கள் நாங்கள்.

ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. முத்து காமிக்ஸ் 2022இல் பொன்விழாக் கண்டது. அன்று அடுப்பில் எரிந்தவை போன்ற பழைய இதழ்களை, இன்று பெரும் விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள். நாங்கள் தேடுவது இதழ்களை அல்ல.

தங்கைகளே, கதைகளை மகிழ்ந்து படியுங்கள். வாசிக்கத் திணறும் தோழிக்கு உங்கள் புத்தகத்தைக் கொடுங்கள். தோழி ஒருத்தி தனியே எழுந்து நின்றால், நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

எங்கள் ஐந்தாம் தோழியே, எங்கிருந்தாலும் இதை நீ தடுமாறாமல் வாசிப்பாய் என்று நம்புகிறோம். எங்களை மன்னித்துவிடு.