கதவு திறக்கும்போது மட்டும்

சூனியக்காரிகள் நடத்திய நடனப் பள்ளியில் இப்போது சேமிப்பு வங்கி நடக்கிறது. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கருங்காட்டின் அடிவாரத்தில் உள்ள ஃப்ரைபுர்க் நகரம். பழைய ஊருக்குள் ஒரு குறுகலான தெருவில் செங்காவி நிற முகப்பும், சன்னல்களைச் சுற்றிப் பொன் வேலைப்பாடும், வாசலுக்கு மேலே துருத்தி நிற்கும் கல் மாடமுமாக நிற்கிறது 'திமிங்கில வீடு'. பேரரசர் மாக்சிமிலியனின் கருவூலக்காரர் 1516 வாக்கில் கட்டி முடித்தது. 1529 முதல் இரண்டு வருஷம் அறிஞர் எராஸ்மஸ் இங்கே குடியிருந்தார். 1944 நவம்பர் குண்டுவீச்சில் எரிந்து, போருக்குப் பிறகு மீண்டும் எழுந்தது. நான் எராஸ்மஸுக்காகப் போகவில்லை. அந்த நடனப் பள்ளியின் கதையைச் சொல்லும், 1977இல் வந்த 'சஸ்பீரியா' என்ற இத்தாலியப் படத்துக்காகப் போனேன்.

படத்தில் வரும் வீடுகூட இது அல்ல. இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோ இந்த முகப்பைப் பார்த்து, ரோமில் ஒரு ஸ்டூடியோவில் இதேபோல் செட் போட்டு எடுத்தார். முப்பது வருஷமாக அந்த நகலைத் திரையில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. அசல் கொஞ்சம் சோகை பிடித்ததுபோலத் தெரிந்தது. ஏடிஎம்மில் பணம் எடுக்க வந்த ஓர் அம்மாள், நான் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

மியூனிக்கில் என் அக்கா மகன் வேலை பார்க்கிறான். ஹெவி மெட்டல் பைத்தியம். பேய்ப் படம் என்றால் காத தூரம் ஓடுவான். அவன்தான் ஒரு நாள் ஃபோனில், "மாமா, உங்க சூனியக்காரி படத்தைத் திரையில ஓடவிட்டு, முழுசுக்கும் லைவ்வா வாசிக்கிறாங்களாம். டிக்கெட் போட்டுடவா?" என்று கேட்டான். ஒரிஜினல் இசையமைத்த கோப்ளின் குழுவின் கீபோர்டுக்காரர் க்ளாவ்தியோ சிமொனெத்தி இப்போது தன் பெயரைச் சேர்த்து நடத்தும் குழு. இந்தக் குழுவின் கதையே தனி. எழுபதுகளில் ரோமில் சேர்ந்தவர்கள் பல தடவை பிரிந்தார்கள். நம் ஊரில் கட்சி உடையும்போது பெயருக்கு முன்னால் புது எழுத்துகள் ஒட்டிக்கொள்வதுபோல, கோப்ளினுக்கும் முன்னும் பின்னும் பல ஒட்டுகள் வந்தன. கிட்டார் வாசித்த மாஸிமோ மொராந்தே 2022இல் காலமானார். அன்று மேடையில் அசல் ஆள் சிமொனெத்தி மட்டும்தான்.

ஃப்ரைபுர்க்கிலிருந்து மியூனிக் வரும் ரயிலில் அந்த இசையை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே வந்தேன். ராக் இசைதான், ஆனால் அதற்குள் என்னென்னமோ கிடக்கிறது. குழந்தை விளையாட்டுப் பெட்டியிலிருந்து வருவதுபோல ஒரு மணியோசை. அதற்கடியில் கிரேக்க நாட்டு பூஸூகி. மூக் சிந்தசைசரின் உறுமல். யாரோ காதருகே வந்து மூச்சோடு மூச்சாக முணுமுணுப்பது. அது சிமொனெத்தியின் சொந்தக் குரல். இதில் நமக்கு ஓர் உறவுக்காரரும் உண்டு: தபலா. பேஸ் கிட்டார் வாசித்த ஃபாபியோ பின்யாத்தெல்லிதான் அதையும் வாசித்தார். எந்தத் தாளக்கட்டுக்கும் அடங்காத வாசிப்பு. பனாரஸ்காரர் யாராவது கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் தோலை விரலால் இழுத்து இழுத்து அவர் எழுப்பும் அந்த முனகல், நான் கேட்ட எந்தக் கச்சேரித் தபலாவிலும் இல்லாத அமங்கலத்தோடு இருக்கிறது.

நம் ஊர் சினிமாக்காரர்கள் ரீ-ரெக்கார்டிங் என்று சொல்லும் வேலை படம் முடிந்த பிறகு நடப்பது. 'சஸ்பீரியா'வில் அந்த வரிசை பாதி தலைகீழ். படப்பிடிப்புக்கு முன்பே சில துண்டுகளை வாசிக்கச் சொல்லி வாங்கிக்கொண்ட அர்ஜெந்தோ, தளத்தில் ஒலிபெருக்கி வைத்து அதை அலறவிட்டபடி காட்சிகளை எடுத்தார். நடிகைகள் அந்தச் சத்தத்துக்குள் நின்று நடித்தார்கள். இறுதி இசை பிறகுதான் ஸ்டூடியோவில் பதிவானது. படப்பிடிப்பில் இத்தனை இரைச்சலை எப்படி அனுமதித்தார்கள் என்று கேட்கலாம். அன்றைய இத்தாலிய சினிமாவில் தளத்தில் பதிவாகும் பேச்சை யாரும் நம்பியிருக்கவில்லை. எல்லாமே பின்னால் டப்பிங். நம் கோடம்பாக்கமும் பல காலம் அப்படித்தானே இருந்தது. ஆக, வாத்தியக்காரர்கள் நேரில் வாசிக்க இந்தப் படத்தைப் பார்ப்பது ஏதோ புதுமையான ஜோடனை என்று நான் நினைக்கவில்லை. படம் பிறந்த இடத்திலேயே இசை உரக்க ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு ராக் குழு விசித்திரமான படங்களுக்கு வாசிப்பதில் மியூனிக் யாருக்கும் இளைத்த ஊர் அல்ல. இயக்குநர் வெர்னர் ஹெர்ட்ஸோக்கின் 'அகிர்ரே', 'நோஸ்ஃபெராத்து' படங்களுக்கு இசை தந்த போபோல் வூ இந்த ஊர்க் குழுதான். அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

கச்சேரி இரவில். பகலில் அக்கா மகனை இழுத்துக்கொண்டு படத்தில் வரும் இடங்களைத் தேடிப் போனேன். முதலில் ஈஸார் ஆற்றங்கரையில் இருக்கும் ம்யூலர் நீச்சல்குளம். கார்ல் ம்யூலர் என்ற பொறியாளர் ஏழை மக்கள் குளிக்கவென்று நகரத்துக்குச் சொத்தெழுதிக் கொடுத்ததில் எழுந்த கட்டடம், 1901இல் திறந்தது. வளைந்த கூரையும் சுற்றிலும் மாடமுமாக, கோயிலில் குளம் வெட்டினார்களா, குளத்துக்குக் கோயில் கட்டினார்களா என்று குழம்ப வைக்கும். படத்தில் இரண்டு பெண்கள் இங்கே நீந்தியபடி பள்ளியின் தலைவியைப் பற்றிக் கிசுகிசுப்பார்கள். கேமரா உயரத்திலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நாங்களும் இறங்கிக் குளித்தோம். மல்லாந்து மிதந்தபோது மாடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அங்கே துண்டு போர்த்திய ஒரு கிழவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

பிஎம்டபிள்யூ தலைமையகக் கோபுரமும் படத்தில் உண்டு. அதை விட்டுவிட்டோம். அக்கா மகன் தினமும் அந்த வழியாகத்தான் ஆஃபீஸ் போகிறானாம்.

கோனிக்ஸ்ப்ளாட்ஸில்தான் நேரம் போனதே தெரியவில்லை. பவேரிய மன்னர் முதலாம் லுட்விக், கிரேக்கத்தின் மேல் இருந்த மோகத்தில் உருவாக்கிய சதுக்கம். மூன்று பக்கமும் தூண் தூணாகக் கட்டடங்கள். அதில் சிற்பக் காட்சியகமான கிளிப்டோதெக் 1830இல் திறந்தது. படத்தில் பள்ளியின் பார்வையற்ற பியானோக்காரர் இரவில், மதுக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில், தன் வழிகாட்டி நாயோடு இந்தச் சதுக்கத்தைக் கடப்பார். ஆள் நடமாட்டமே இருக்காது. நாய் எதையோ பார்த்துக் குரைக்கும். கட்டட முகப்பில் நிழல் ஒன்று பறந்து போகும். அப்புறம் அந்த நாயே அவர் குரல்வளையில் பாயும்.

நான் நின்ற கோனிக்ஸ்ப்ளாட்ஸில் புல்தரை. பையன்கள் கால்களை நீட்டிப் படுத்திருந்தார்கள். படத்திலோ கண்ணுக்கெட்டிய தூரம் கல். காரணம் தெரிந்தபோது அந்தக் காட்சியின் குளிர் எனக்கு இன்னொரு விதமாக உறைத்தது. 1933 மே 10 அன்று நாஜி மாணவர்கள் புத்தகங்களைக் கொளுத்திய இடங்களில் இதுவும் ஒன்று. இரண்டு வருஷம் கழித்து, அணிவகுப்பு நடத்த வசதியாகப் புல்லைப் பெயர்த்துக் கருங்கல் பலகை பாவினார்கள். ஹிட்லர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கற்கள் போகவில்லை. எண்பதுகளின் கடைசியில்தான் அகற்றிப் புல் வைத்தார்கள். அர்ஜெந்தோ 1976இல் கேமராவைக் கொண்டுவந்தபோது அந்தப் பியானோக்காரர் கைத்தடியால் தட்டிக்கொண்டு நடந்தது நாஜிகள் பாவிய தரைமேல். படத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

"இதெல்லாம் தெரிஞ்சுதான் இங்க வந்து எடுத்தாரா மாமா?"

"தெரியாம எப்படிடா இருக்கும்? இத்தாலிக்காரரு. முசோலினி ஊருல வளர்ந்த கண்ணு."

இரவு, நகரின் கிழக்கே பழைய தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றை அரங்கமாக மாற்றியிருந்த இடம். வாசலில் காதடைப்பான் விற்றார்கள். "வாங்கிக்கோங்க மாமா, அப்புறம் அத்தை என்னைத்தான் திட்டுவாங்க" என்று அவன் என் மனைவியைச் சொல்லி பயமுறுத்த, வாங்கினேன். பெரும்பாலும் கறுப்பு பனியன் கூட்டம். நடுநடுவே என் வயதுக்காரர்கள் கோட்டு போட்டு வந்திருந்தார்கள். திரைக்குக் கீழே நான்கு பேர். நடுவில் ட்ரம்ஸ், வலப்பக்கம் அடுக்கடுக்காகக் கீபோர்டுகள். எங்களுக்குக் கிடைத்தது இடது ஓரம். அந்த ஓரத்தில் பேஸ் சத்தம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கியது. முதல் கால்மணி நேரம் முணுமுணுப்பு ஒன்றும் காதில் விழவில்லை. எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டோம். அதற்கப்புறம்தான் கச்சேரி காதுக்குப் பிடிபட்டது.

நாங்கள் ஓரத்தில் இருந்தாலும், படத்தின் ஆரம்பம் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் நாயகி மியூனிக் விமான நிலையத்தில் இறங்கி வெளியே நடக்கிறாள். வெளியே புயல் மழை. தானியங்கிக் கண்ணாடிக் கதவு திறக்கும்போது மட்டும் அந்த மணியோசை உள்ளே வருகிறது. கதவு மூடினால் அறுந்துவிடுகிறது, விமான நிலையச் சந்தடி மட்டும் மிஞ்சுகிறது. மறுபடி திறக்கிறது, மறுபடி இசை. இதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! இசை எங்கோ வெளியே காத்துக்கொண்டிருக்கிறது, அவள் போய் அதற்குள் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கீபோர்டு மேல் ஒரு சின்ன விளக்கு. அதன் வெளிச்சத்தில் சிமொனெத்தியின் வலது கை. கதவு விலகும்போது விரல்கள் இறங்கும். மூடும்போது சட்டென்று எழும்பி, கட்டைகளுக்கு ஒரு சாண் உயரத்தில் அப்படியே நிற்கும். அடுத்த திறப்பு வரை அந்தக் கை அசையவில்லை. எழுபதைத் தாண்டிய கை. கதவு கடைசியாகத் திறந்து அவள் மழைக்குள் போனதும் நான்கு பேரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது.

இப்படி வாசிப்பதில் வாத்தியக்காரனுக்குச் சுதந்திரம் கிடையாது. படம் யாருக்காகவும் நிற்காது. ட்ரம்மர் காதில் ஹெட்ஃபோன். அதில் ஓடும் கிளிக் சத்தத்தை வைத்துத்தான் மற்றவர்களும் ஓடவேண்டும். ரசிகர்கள் கை தட்டினார்கள் என்று இன்னொரு ஆவர்த்தனம் சேர்க்க முடியாது. பழைய ஓசைகள் சில கணினியிலிருந்து வந்தன என்று நினைக்கிறேன். எது கையால் வந்தது, எது பதிவிலிருந்து வந்தது என்று பல இடங்களில் பிரித்தறிய முடியவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தபலா வாசிக்க ஆள் வைத்திருக்கலாம்.

ஆனால் நான் எதிர்பாராமல் போய் மாட்டிக்கொண்டது வேறொன்றில். பேச்சுக் காட்சிகளில் குழுவுக்கு வேலை இல்லை. நான்கு பேரும் கைகளை மடியில் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் படம் பார்க்கும்போது மௌனம் என்பது இசை இல்லாத நேரம், அவ்வளவுதான். அரங்கில் அது நான்கு பேர் அடித்து நொறுக்கக் காத்திருக்கும் நேரம். கிட்டார்காரர் உட்கார்ந்த நிலையில் கொஞ்சம் நிமிர்ந்தால் கூட்டமே நிமிர்ந்தது. இன்ன காட்சியில் இன்னது வரும் என்று எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் படத்தைவிட்டு அவர்கள் தோள்களையே பார்க்க ஆரம்பித்தேன். அர்ஜெந்தோ கதவுக் கைப்பிடிகளை நடிகைகளின் முகத்தளவுக்கு உயர்த்தி வைத்து, வளர்ந்த பெண்களைக் குழந்தைகளாகக் காட்டியிருப்பார். அதைக் கவனிக்கவென்றே போன நான் கவனிக்கவே இல்லை.

கோனிக்ஸ்ப்ளாட்ஸ் காட்சி வந்தது. மதியம் நாங்கள் உட்கார்ந்திருந்த படிக்கட்டுகள், இப்போது ஐந்தாள் உயரத்தில். குழு ஏற்றிக்கொண்டே போயிற்று. பிறகு எல்லாம் அடங்கி நாயின் மூச்சு மட்டும் கேட்டது. ட்ரம்மர் ஒலித்துக்கொண்டிருந்த சிம்பலின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து அமுக்கினார். அவ்வளவு பெரிய கொட்டகையில் யாரோ பியர் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. நாய் பாய்ந்தது. என் பக்கத்தில் நின்ற மெட்டல் ரசிகர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் இடைவேளை இல்லாமல் தனிக் கச்சேரி. 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ', 'ஸோம்பி', 'டெனெப்ரே' என்று மற்றப் படங்களின் பாட்டுகளை வரிசையாக எடுத்துவிட்டார்கள். இரட்டை பேஸ் ட்ரம் வைத்து இடித்ததில் எல்லாமே ஒரே பாட்டாகத் தெரிந்தது எனக்கு. அக்கா மகனுக்கோ அன்று இரவின் உச்சமே அதுதான். கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தான். திரை இருண்டு, குழு யாருக்கும் கட்டுப்படாமல் வாசிக்கத் தொடங்கியதுமே என் ஆர்வம் பாதி வடிந்துவிட்டது.

பாதாள ரயிலுக்குக் காத்திருக்கும்போது, அடுத்தது டூரின் என்றேன். 1975இல் வெளிவந்த 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ'வை எடுத்தது பெரும்பாலும் அங்கேதான். குன்றின் மேல் ஸ்காட் மாளிகை என்று ஒன்று; படத்தில் அதுதான் அந்தப் பாழடைந்த வீடு. எடுத்தபோது அங்கே கன்னியாஸ்திரீகள் பெண் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திக்கொண்டிருந்தார்கள். படக்குழு தன் செலவில் அவர்களை எல்லாம் ரிமினி கடற்கரைக்கு விடுமுறைக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் கேமராவை இறக்கியது.

அவன் காதடைப்பானைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான்.

"திரும்பி வந்ததும் அவங்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினாங்களா மாமா?"