முன் அனுபவம்

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வாங்கும் வாலிபன் அன்று முதற்பக்கத்தைப் பார்ப்பதில்லை. நேரே வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்குப் போய்விடுவான். 1994ஆம் ஆண்டில் நாமும் அப்படித்தான் பத்திரிகை படித்தோம். உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவில் சித்தியடைந்திருந்தோம். பல்கலைக்கழகம் புகப் புள்ளிகள் போதவில்லை. எமது லயத்தில் அந்தப் பரீட்சையில் தேறியவர் எமக்கு முன்னர் ஒருவரே. ஆகவே எம்மைப் பிரட்டுக்களத்துக்கு அனுப்ப அப்பா மறுத்துவிட்டார். “படிச்ச புள்ள பேர் பதியக் கூடாது” என்பது அவருடைய வைராக்கியம். பத்திரிகையோ வாரந்தோறும் ஒரே பாடத்தையே ஓதிக்கொண்டிருந்தது: லிகிதர் தேவை, இரண்டு வருட முன் அனுபவம், விற்பனையாளர் தேவை, முன் அனுபவம் உள்ளவர்கள் மட்டும், களஞ்சியத்துக்கு உதவியாளர் தேவை, அனுபவம் அவசியம். உத்தியோகத்துக்குப் பெயர் ஆரம்ப உத்தியோகம். ஆரம்பிக்க வருகிறவனுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

முதல் விண்ணப்பத்துக்கு வந்த பதில் எமக்குப் பயன்படவில்லை. தோட்டத்துக்கு வரும் கடிதங்களெல்லாம் அக்காலத்தில் ஒரே பையில் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால்தான் லயத்துக்கு வரும். நேர்முகப் பரீட்சை வியாழக்கிழமை; கடிதம் எமது கைக்கு வந்தது அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. அதன்பிறகு டவுன் மளிகைக் கடைக்காரரின் விலாசத்தைப் போட்டு எழுதத் தொடங்கினோம். இரண்டாவது அழைப்பு நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

கொழும்புக்கு எழுபது கிலோமீற்றர் அளவு. விடியுமுன் புறப்பட்டு, அவிசாவளையில் பஸ் மாறி, கசங்காத சட்டையைக் கசங்காமலே வைத்திருக்க முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து போனோம். ஒரு காலத்தில் எமது ஊருக்கு ரயிலும் ஓடியது. 1903இல் வந்த அந்த ஒடுங்கிய பாதை இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942இல் மூடப்பட்டுவிட்டது. கொழும்பு அந்நாளில் கேட்டது எமது இறப்பரையும் தேயிலையையும். அவற்றிடம் யாரும் முன் அனுபவம் கேட்டதில்லை.

நேர்முகம் நான்கு நிமிடம் நடந்தது. “தம்பி, எங்கே வேலை செஞ்சிருக்கீங்க?” என்று கேட்டார் மேசைக்கு அப்பாலிருந்தவர். பதினைந்து வயதிலிருந்து பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு பால் வெட்டியிருக்கிறோம் என்று உள்ளபடியே சொன்னோம். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டோம். போகும்போது தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். ஆனால் அந்தப் படிவத்தில் ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் அவருடைய பேனா ஒரு கோடு இழுத்தது எமக்குத் தெரிந்தது.

கோடு இழுக்கப்பட்ட அந்த அனுபவம் எத்தகையது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இறப்பர் மரத்தின் பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக வெட்டு இறங்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் பட்டைக்கு உள்ளேயுள்ள உயிர்ப்படலத்தில் காயம் படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னர் அங்கே வெட்ட முடியாது. இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீற்றர் அளவே. சீவும் பட்டையும் மெல்லியதாக இருக்க வேண்டும். தடிப்பாகச் சீவினால் மரத்தின் ஆயுளைத் தின்றுவிட்டோம் என்று பொருள். விடியற்காலையில், வெயில் ஏறி ஓட்டம் குறையுமுன், நூற்றுக்கணக்கான மரங்களை இப்படி வெட்டி முடிக்க வேண்டும். பிறகு சிரட்டை சிரட்டையாகப் பாலைச் சேர்த்து, வாளி ததும்பாமல் சரிவிலே இறங்கி, நிறுவையில் நின்று, தன் கணக்கைத் தானே நினைவில் வைத்திருந்து, எழுதுகிறவர் எழுதியது சரிதானா என்று பார்க்க வேண்டும். மழை வரும் வாசனையைக் கொண்டு அன்றைக்கு வெட்டலாமா, கூடாதா என்று அம்மா சொல்லிவிடுவார். நேரந்தவறாமை, கைநிதானம், கணக்கு, மேலாளனோடு சண்டையின்றி உரிமை பேசும் சாமர்த்தியம்: ஒரு களஞ்சிய உதவியாளனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாகக் கத்தி பிடிப்பவரை எவரும் நல்ல மரத்திடம் விடுவதில்லை. ‘அனுபவம் இல்லாதவர் வரவேண்டாம்’ என்று விரட்டுவதும் இல்லை. மறுநடுகைக்காக வெட்டப்படவிருக்கும் கிழட்டு மரங்களில் பழகவிடுவார்கள். அம்மாவும் அப்படியான மரங்களில்தான் கை பழகினார். எமக்கும் அப்படியான மரத்தையே காட்டினார். காயப்பட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. கேகாலை மாவட்டத்து இறப்பரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வெட்டி வருகிற கைகள் இப்படி வளர்ந்த கைகளே.

ஆரம்பிப்பவனைப் பழக்கி எடுக்கும் கலையைத் துரைமாரும் நன்கு அறிந்திருந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு மாத்திரம் அதைப் பயன்படுத்தினார்கள். தேயிலைச் செடியையே கண்டிராத ஆங்கிலேய இளைஞன் கப்பலிலிருந்து இறங்கி, ஒரு பெரிய துரையின் பங்களாவில் தங்கித் தொழில் பழகுவான். அவனுக்குக் ‘கிரீப்பர்’ என்று பெயர். பழக்குவதற்காக அவனுடைய குடும்பம் துரைக்குப் பணம் கட்டுவதும் உண்டு. சில மாதங்களில் அவன் சின்னத்துரையாகி, இருபது வருடம் மலையில் நின்ற கங்காணியை அதட்டத் தொடங்குவான். வெள்ளையர் போன பின்னும் அந்த வழக்கம் போய்விடவில்லை. கொழும்பு, கண்டிப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது பாடசாலையின் பெயரும், கிரிக்கெட்டோ ரகரோ ஆடிய கீர்த்தியும். முன் அனுபவம் என்ற தடை எல்லோருக்கும் ஒரே உயரத்தில் கட்டப்படுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எமக்குத் தேவைப்படவில்லை.

எமக்கு முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. விலாசம் தந்த அந்த மளிகைக் கடைக்காரரின் மைத்துனருக்குப் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை இருந்தது. “நல்ல குடும்பம், நான் சொல்றேன்” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். மறுவாரம் வேலையில் இருந்தோம். அந்த வார்த்தை எமது சான்றிதழுக்காகச் சொல்லப்பட்டதன்று. இருபது வருடமாக அப்பா மாதக்கடனைச் சம்பளத்தன்று தவறாமல் கட்டிவந்தார். அதற்கு விளைந்த வட்டி அது. பரீட்சையில் எம்மைவிட அதிகப் புள்ளி எடுத்த பக்கத்து லயத்து நண்பனுக்காக அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை. அவன் செக்றோலில் பேர் பதிந்தான்.

சொல்ல ஆள் இல்லாமற்போனது தற்செயலா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜை அல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. மீதியைப் பற்றி 1974இல் பேசி முடித்தார்கள். நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி முற்றாகத் தீர 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகளும் 1960-61இல் அரசு ஏனைய பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது வெளியே விடப்பட்டு, எழுபதுகளின் பிற்பகுதியிலேயே உள்ளே வந்தன. இவ்வாறு இரண்டு தலைமுறைகளாக எமது வீடுகளிலிருந்து ஒரு கச்சேரி லிகிதரோ, தபாலதிபரோ, வங்கிக் காசாளரோ புறப்படவில்லை. வேறு வீடுகளில் மாமா ஒருவர், சித்தப்பா ஒருவர் என்று காரியாலயத்துக்குள் இருந்து கதவைத் திறந்துவிடுவார்கள். எமது மாமாக்களும் சித்தப்பாக்களும் மலையிலே நின்றார்கள்.

ஆனால் இதைத் தமிழனின் துயரம் என்று மட்டும் எழுதிவிட்டால் எமது அயலவருக்குத் துரோகம் செய்தவர்களாவோம். ஆற்றுக்கு அப்பால் உள்ள சிங்களக் கிராமத்து வாலிபனும் இதே பத்திரிகைப் பக்கத்தைத்தான் அவனுடைய மொழியில் படித்தான். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலை மாவட்டம் கொதித்தெழுந்த பகுதிகளுள் ஒன்று. துப்பாக்கி ஏந்தியவர்களில் பலர் படித்துவிட்டு வேலையின்றி இருந்த கிராமத்துப் பிள்ளைகள். 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியாக இருந்த என். எம். பெரேராவே அவ்வேளை நாட்டின் நிதியமைச்சர். இடதுசாரி இயக்கத்தின் மூத்த தலைவருடைய மாவட்டத்திலேயே அது நடந்தது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் நிறுவனத்தின் தூதுக்குழு ஒன்று இந்நாட்டு வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்கக்கூடிய வேலைகளுக்கும் பொருத்தமில்லை என்பது அதன் சாரம். உண்மையே. ஆயினும் வாலிபனின் எதிர்பார்ப்பைப் பற்றிப் பேசுவதில் உள்ள சுறுசுறுப்பு, முதலாளியின் எதிர்பார்ப்பைப் பற்றிப் பேசுவதில் எவருக்கும் இருப்பதில்லை.

முதலாளியின் எதிர்பார்ப்பை நாம் உள்ளிருந்து அறிந்தோம். எமது கடை முதலாளி சொல்வார்: “ஆறு மாசம் பொடியனுக்கு ஆணி அளவிலிருந்து எல்லாம் படிப்பிப்பேன். ஏழாம் மாசம் அடுத்த கடைக்காரன் இருநூறு ரூபா கூடக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போவான்.” அவர் சொன்னதில் பொய்யில்லை. பழக்கும் செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றானபின், எல்லோரும் அயலான் பழக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். எல்லோரும் காத்திருந்தால் பழக்குகிறவர் யார்?

இனிச் சொல்லப்போவது எமக்குப் பெருமை தருவதன்று. 2003இல் அக்கடை ஒரு களஞ்சிய உதவியாளருக்கு விளம்பரம் கொடுத்தது. எழுதித் தரும்படி முதலாளி எம்மிடம் சொன்னார். முதல் விளம்பரத்துக்கு இருநூறுக்கு மேல் கடிதங்கள் வந்துவிட்டன, படித்து மாளவில்லை. இரண்டாம் முறை நாமே, எமது கையாலேயே, ‘இரண்டு வருட முன் அனுபவம் அவசியம்’ என்று சேர்த்தோம். அந்த வேலைக்கு இரண்டு வாரப் பழக்கம் போதும் என்பது எமக்குத் தெரியும். கடிதக் கட்டைச் சிறிதாக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. சிறிதான கட்டிலும் தெஹியோவிட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான்: முன் அனுபவம் இல்லை, ஆனால் உழைப்பேன் என்று. எம்முடைய பழைய கடிதத்தைப் போலவே இருந்தது. அதை ஒதுக்கிய பக்கத்திலேயே வைத்தோம். விளம்பரத்தில் போட்டதை நாமே மீறலாமா என்று அன்று ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டோம்.

முன் அனுபவம் கேட்காத வேலைகளும் உண்டு. தோட்டத்துச் செக்றோல் கேட்பதில்லை. கொழும்பு வீடுகளின் சமையற்கட்டு கேட்பதில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையைக்கூட அது மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்ட காலத்தை நாம் கண்டிருக்கிறோம். அரசாங்கமும் விரும்பினால் கேட்காமலிருக்கும். 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் அளவில் ஆசிரிய உதவியாளர்களைச் சேர்த்தபோது உயர்தரச் சித்தி போதுமென்றது. பயிற்சி பிறகு என்றது. நல்ல காரியம். ஆனால் ஆரம்பத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பின்னர் 10,000 ஆக்கினார்கள். ஆரம்பிப்பவனுக்குக் கதவு திறந்தால் அது இந்த உயரத்துக்குத்தான் திறக்க வேண்டுமா?

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அக்காவின் மகள் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தாள். உயர்தரம் முடித்துவிட்டாள், சிங்களம் எம்மைவிட நன்றாகப் பேசுகிறாள். “மாமா, இந்தக் கட்டத்துல என்னா எழுதுறது? ஒன்னும் இல்லைன்னு போடவா?” என்றாள். அதே கட்டம்.

என்னென்ன செய்திருக்கிறாய் என்று கேட்டோம். ஒன்றும் இல்லை என்றாள். விசாரிக்க விசாரிக்க வெளியே வந்தது: மூன்று வருடமாக லயத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் அவளிடம் இருக்கிறது, நாற்பது குடும்பங்களின் சந்தா, ஒரு சதமும் பிசகவில்லை. ஐந்து பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். சிங்களத்தில் வரும் கடிதங்களை லயத்தாருக்குப் படித்துச் சொல்லிப் பதிலும் எழுதுகிறாள். செய்து பழகிய தொழிலைச் சோதித்துத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று நாட்டில் இருப்பதையும் அவளுக்குச் சொன்னோம், அவள் கேள்விப்பட்டிருக்கவில்லை. படிவத்தின் கட்டம் சிறியது. ஆகையால் தனித் தாளில் எழுதி, சங்கத் தலைவரிடம் கையொப்பம் வாங்கி இணைக்கலாம் என்று தீர்மானித்தோம். தலைவர் பால் வெட்டுபவர். மாலையில்தான் வீட்டில் இருப்பார்.

தாளின் தலைப்பில் விலாசம் எழுதும்போது அவள் பேனாவை நிறுத்தினாள். தோட்டத்தின் பெயரைப் போடவா, டவுன் கடையைப் போடவா என்று கேட்டாள். எமக்கு விலாசம் தந்த கடைக்காரர் காலமாகிவிட்டார். இப்போது மகன் நடத்துகிறார். கேட்டுவிட்டு வருகிறோம் என்று குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.