ஒரு மணியோசைக்காக

சேலையூரில் ஒரு பழைய வீட்டின் வேப்பமர நிழலில் கருநீலக் காண்டெசா மகிழுந்து ஒன்று நிற்கிறது. அவ்வகை மகிழுந்து செய்வது 2002ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. அதன் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே, சுருள்கம்பியோடு கூடிய கருநிறத் தொலைபேசி ஒன்று தன் தாங்கியில் படுத்திருக்கும். கடந்த மார்கழியில் அவ்வீட்டுக்குரிய மருத்துவர் என்னை அழைத்தார். அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. "வண்டியை விற்கப் போகிறேன். அதற்குமுன் இந்தத் தொலைபேசி ஒருமுறை ஒலிக்க வேண்டும். உனக்குத் தெரிந்தவர் யாரேனும் உண்டா?" என்று கேட்டார்.

என்னால் மறுக்க முடியவில்லை. அந்தத் தொலைபேசிக்கு நான் கடன்பட்டவன்.

1997ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து மழையிரவு. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. வீட்டில் தொலைபேசி இல்லை. அப்பா முழங்கால் நீரில் நடந்து, முடிச்சூர் சாலையில் இருந்த எஸ்.டி.டி. கூண்டுக்குச் சென்றார். மருத்துவர் வீட்டில் இல்லை. குரோம்பேட்டைக்கு நோயாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். அவருடைய துணைவியார் வண்டித் தொலைபேசியின் எண்ணைத் தந்தார். அப்பா நடுங்கும் விரல்களால் அதை அழுத்தினார். பல்லாவரத்தை நெருங்கிக்கொண்டிருந்த மருத்துவர் வண்டியைத் திருப்பினார். அரைமணி நேரத்தில் எங்கள் வாசலில் முகப்பொளி தெரிந்தது. அம்மா அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்நாளில் அலைபேசிப் பேச்சு விலைமதிப்பு மிக்கது. 1995 சூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து, தில்லியிலிருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமோடு பேசியதே இந்தியாவின் முதல் அலைபேசி உரையாடல். தொடக்கத்தில் நிமிடத்திற்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம் இருந்தது. அழைத்தவர் மட்டுமன்றிக் கேட்டவரும் பணம் கொடுத்தார். 2003ஆம் ஆண்டில்தான் கேட்பவர் சுமை நீங்கியது. அந்த மழையிரவில் அப்பா பதற்றத்தில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு நொடிக்கும் மருத்துவரும் விலைகொடுத்தார்; ஆயினும் ஒருமுறைகூட இடைமறிக்கவில்லை.

தாம்பரம் சானடோரியம் அருகே வாகன மின்பணிமனை வைத்திருக்கும் என் பழைய மாணவனை அழைத்துச் சென்றேன். அவனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் 'கவனம் போதாது' என்று எழுதியவன் நான். அவனோ வண்டியின் பின்பெட்டியைத் திறந்து, கம்பளத்தை விலக்கி, செங்கல் அளவிலான ஓர் உலோகப் பெட்டியைக் கண்டுபிடித்தான். "ஐயா, இருக்கையருகே இருப்பது வாயும் செவியுந்தான். உயிர் இங்கே இருக்கிறது" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல நான் மாணவனானேன். கையில் ஏந்தும் அலைபேசியின் அலைபரப்பு ஆற்றல் அக்காலத்தில் உச்சமாக 2 வாட். வண்டியில் பொருத்தியவற்றுக்கு 8 வாட் வரை இருந்தது. கோபுரங்கள் தொலைவில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக நின்ற காலத்தில், புறநகர்ச் சாலைகளில் அலையும் மருத்துவருக்கு அதுவே துணை.

உருகி எரிந்திருந்தது, மாற்றினான். மின்தேக்கிகள் சில உலர்ந்து, அடியில் கசிந்திருந்தன. அவற்றைக் களைந்து புதியன வைத்து ஈயம் பற்றவைத்தான். சாவியைத் திருப்பியதும் சிறிய திரையில் பச்சை ஒளி பரவியது. ஆனால் 'அட்டையைச் செருகுக' என்ற ஆங்கிலச் சொற்கள் மட்டுமே தோன்றின. புதிதாக வாங்கிய சிம் அட்டையை அது ஏற்கவில்லை.

எனக்கு நம்பிக்கை தளர்ந்தது. வண்டித் தொலைபேசியின் வரலாற்றை அப்போது படித்திருந்தேன். 1946 சூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அச்சேவை தொடங்கியபோது, கருவி ஏறத்தாழ 36 கிலோ எடை இருந்தது. பின்னர் வந்த ஒப்புமைமுறைக் கருவிகள் அந்நாட்டில் 2008ஆம் ஆண்டோடு ஊமையாயின. கருவி நலமாயிருந்தும் அதனோடு பேசக் கோபுரம் இல்லை. சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் இரண்டாம் தலைமுறை அலைவரிசையையே மூடிவிட்டன. "நம் காலமும் முடிந்ததோ?" என்றேன்.

"இல்லை ஐயா. நம் நாடு தொடக்கத்திலேயே இலக்கமுறையில் இறங்கியது. பொத்தான் அலைபேசி வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களுக்காக அந்த இரண்டாம் தலைமுறைக் கோபுரம் இன்னும் இங்கே பேசிக்கொண்டிருக்கிறது. இந்தக் கருவி அட்டைக்கு 5 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. புதிய அட்டைகளில் பல 3 வோல்ட்டும் அதற்குக் குறைந்ததும் மட்டுமே அறியும். பழைய அட்டை வேண்டும்" என்றான்.

பழையதைத் தேட நான் நெடுந்தொலைவு போகவில்லை. அப்பா இருபது ஆண்டுகளாக ஒரே பொத்தான் அலைபேசியை வைத்திருக்கிறார். செய்தியைச் சொன்னதும் தாமே அட்டையைக் கழற்றித் தந்தார். பிறகு நாட்குறிப்பைப் புரட்டி, அந்த அட்டை முதன்முதல் வந்தபோது ஒட்டியிருந்த முழு அளவு நெகிழிச் சட்டத்தையும் எடுத்தார். எதையும் எறியாத அவர் வழக்கத்தை எத்தனையோ முறை கடிந்தவன் நான். வண்டித் தொலைபேசியின் வாய்க்கு அந்தச் சட்டமே பொருத்தமான அளவாயிருந்தது. "அன்று நான் அதை அழைத்தேன். இன்று என் எண்ணே அதற்குள் போகட்டும்" என்றார் அப்பா.

கடைசித் தடை கூரைமேல் இருந்த ஆண்டெனாவின் வடம். மழைநீர் புகுந்து, உள்ளிருந்த செப்புப் பின்னல் பச்சை பூத்திருந்தது. மாணவன் அதைப் புதிதாக இழுத்தான். மறுநாள் மாலை திரையில் ஒரு கோடு எழுந்தது; பிறகு இரண்டு; பிறகு நான்கு.

மருத்துவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். அப்பாவைப் பக்கத்து இருக்கையில் அமர்த்தினோம். துணைவியார் வீட்டினுள் இருந்து தொலைபேசியில் எண்களைச் சுழற்றுவதாகச் சொல்லிச் சென்றார். நாங்கள் மூச்சை அடக்கி நின்றோம். கிணிங் என்று ஒரே ஒரு முறை ஒலித்தது, உடனே அடங்கிவிட்டது.

மாணவன் முகம் வாடியது. "தொடர்பு அறுந்துவிட்டது ஐயா. வடத்தை மீண்டும் பார்க்கிறேன்" என்று பின்பெட்டியை நோக்கி விரைந்தான்.

மருத்துவர் அவன் கையைப் பற்றினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்கள் ஈரமாயிருந்தன. "அறுந்துபோகவில்லை தம்பி. அந்நாளில் எடுத்துப் பேசினால் காசு போகும். அதனால் அவள் ஒரே மணி அடித்து வைத்துவிடுவாள். சோறு ஆயிற்று, வீட்டுக்கு வா என்று பொருள். விடாமல் ஒலித்தால்தான் நோயாளியின் அழைப்பு. அதை மட்டுமே எடுப்பேன்."

விடாமல் ஒலித்த அழைப்புகளுள் ஒன்று எங்களுடையது என்பதை அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்; ஒன்றும் பேசவில்லை.

வேப்பமரத்தடியில் இருள் கவிந்தது. உள்ளிருந்து இலை போட்டாயிற்று என்று குரல் வந்தது. எல்லாரும் எழுந்தோம். என் மாணவன் கருவிகளைப் பையில் அடுக்கியபடி கடைசியாக வந்தான். அவனுக்காக வாயிலில் காத்து நின்றேன்.