ராணி கட்டிய கிணறு: அகமதாபாத்தில் சில நாட்கள்

தூரப் பயணம் போகிறவர்களைப் படலையடி வரை வந்து வழியனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். 2018 டிசம்பரில், பெண்களின் சுயதொழில் தொடர்பான பயிற்சிக்காக நான் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று, எங்கள் மாதர் சங்கத்தைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். சங்கத்தின் பொருளாளரான அக்கா மட்டும் வரவில்லை. 2009 இல் கணவரை இழந்தவர் அவர். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "மிஸ், நீங்கள் வெளிக்கிடேக்க நான் முன்னுக்கு வந்து நிக்கக்கூடாது. முழுவியளம் சரியில்லையெண்டு சனம் கதைக்கும்."

சமூகவியல் படித்தவள் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆனால் அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கவலையுடன்தான் புறப்பட்டேன்.

கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம். அங்கிருந்து அகமதாபாத்துக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை நாள். குஜராத் மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் இது. சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் பழைய நகரம் இருக்கிறது. மொழி தெரியாதே என்ற பயம் முதல் நாளே நீங்கியது. இங்குள்ள மணிநகர்ப் பகுதியில், துணி ஆலை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வாழ்கின்றன. அப்படியொரு குடும்பத்தில் பிறந்த சகோதரி ஒருவர் எங்களுக்கு மொழிபெயர்த்து உதவினார்.

நூலும் மதிலும்

1411 இல் சுல்தான் அகமது ஷா இந்த நகரத்தை நிறுவினார். அவர் பெயரே நகரின் பெயராயிற்று. கோட்டை மதில் எழும்பிய காலத்தைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். ஆற்றங்கரையில் இருந்த மாணேக்நாத் என்ற துறவி பகல் முழுவதும் ஒரு பாய் பின்னுவாராம். இரவில் அதன் நூலை அவிழ்ப்பாராம். நூல் அவிழ, பகலில் கட்டிய மதிலும் இடிந்து விழுமாம். கடைசியில் அவருக்குரிய மதிப்பைக் கொடுத்த பின்னர்தான் மதில் நின்றதாம். அவர் பெயரிலேயே மாணேக் சௌக் என்ற சந்தை இன்றும் இருக்கிறது. பகலில் அங்கே நகைக்கடைகள். இரவில் அதே இடம் சாப்பாட்டுக் கடைகளால் நிறைந்துவிடும். அருகில் ராணிகளின் சமாதிகள் உள்ளன. அவற்றைச் சுற்றிப் பெண்களுக்கான உடைகளை விற்கும் கடைகள்.

2017 இல் யுனெஸ்கோ இந்த மதில் நகரத்தை உலக மரபுரிமை நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் நகரம் இதுவே. மாநகராட்சி 1997 முதல் நடத்திவரும் காலை நடையில் நாங்களும் கலந்துகொண்டோம். காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கும் நடை, 1424 இல் கட்டி முடிக்கப்பட்ட ஜும்மா பள்ளிவாசலில் முடிகிறது. இடையில் 'போள்' எனப்படும் ஒடுங்கிய குடியிருப்புத் தெருக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயில் உண்டு. செதுக்கு வேலைப்பாடுள்ள மர வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்து நிற்கின்றன. பழைய வீடுகளின் முற்றத்துக்குக் கீழே மழைநீர் சேமிக்கும் தொட்டி இருக்கிறது. பறவைகளுக்குத் தானியம் வைப்பதற்கென்றே தெருவில் தூண் வைத்த சிறு மண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

சீதி சையத் பள்ளிவாசலின் கல் யன்னலைப் பார்க்காமல் எவரும் திரும்புவதில்லை. ஆபிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த சீதி சையத் 1573 அளவில் கட்டியது. ஒரு மரமும் அதன் பின்னிப் பிணைந்த கிளைகளும் கல்லில் பூவேலைபோலச் செதுக்கப்பட்டுள்ளன. மூன்று வாசல் என்னும் பழைய தோரணத்தில் இலட்சுமிக்கென ஒரு விளக்கு எரிகிறது. அதைப் பராமரித்து வருவது ஒரு முஸ்லிம் குடும்பம்.

ஆனால் இதே நகரம் எரிந்ததும் உண்டு. 2002 இல் குஜராத்தில் நடந்த மதக் கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். அகமதாபாத் மிகவும் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அகதி முகாம் என்ற சொல் இங்குள்ள பெண்களுக்கும் தெரியும்.

பத்து ரூபாயில் ஒரு வங்கி

1861 இல் இங்கே முதலாவது துணி ஆலை இயங்கத் தொடங்கியது. பின்னர் ஆலைகள் பெருகின. 1918 இல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, காந்தியுடன் அவர்கள் பக்கம் நின்றவர் அனசூயா சாராபாய். எதிர்ப்பக்கம் நின்ற ஆலை முதலாளிகளில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால். சபர்மதி ஆசிரமத்தையும் பார்த்தோம். 1930 மார்ச் 12 இல் காந்தி 78 பேருடன் உப்பு யாத்திரைக்குப் புறப்பட்ட இடம் அது. அந்த 78 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பின்னர் பெண்கள் தாங்களாகவே ஆயிரக்கணக்கில் அந்தப் போராட்டத்தில் இறங்கினார்கள்.

நாங்கள் முக்கியமாகப் போனது 'சேவா' என்னும் சுயதொழில் பெண்கள் சங்கத்துக்கு. சட்டத்தரணியான இலா பட், தலையில் துணி மூட்டை சுமப்போர், தெருவில் மரக்கறி விற்போர், வீட்டிலிருந்து பீடி சுற்றுவோர் ஆகியோரைச் சேர்த்து 1972 இல் இதைத் தொடங்கினார். இவர்களுக்கு முதலாளியே இல்லை, பிறகு எதற்குத் தொழிற்சங்கம் என்று அரச திணைக்களம் கேட்டது. சங்கம் யாரையும் எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, ஒன்றுசேர்வதற்குத்தான் என்று வாதாடிப் பதிவு செய்தார்கள்.

அடுத்த பிரச்சினை கடன். வட்டிக்காரரிடம் வாங்கினால் உழைப்பெல்லாம் வட்டிக்கே போய்விடும். வங்கிகள் இவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பின. ஆகவே 1974 இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவது எப்படி என்ற கேள்வி வந்தது. பொறுப்பேற்ற பெண்கள் இரவிரவாக விழித்திருந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். எழுதத் தெரியாத உறுப்பினர்களுக்காக, கணக்கு இலக்கம் எழுதிய பலகையை அவர்கள் பிடித்திருக்கும் படத்தையே வங்கிப் புத்தகத்தில் ஒட்டினார்கள். இலா பட் 2022 இல் காலமானார். 20 இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சேர்ந்த சங்கம் இன்று அது. இந்திய அரசின் உதவியோடு, மட்டக்களப்பில் போரால் கணவரை இழந்த பெண்களுக்கும் சேவா பயிற்சி அளித்திருக்கிறது.

அடாலஜ் கிணறு

கடைசி நாள் நகரிலிருந்து வடக்கே சுமார் 18 கிலோமீற்றர் தூரத்திலுள்ள அடாலஜுக்குப் போனோம். அங்கிருப்பது படிக்கிணறு. மழைக்காலத்தில் நீர் மேலே நிற்கும், கோடையில் ஆழத்துக்குப் போய்விடும். எந்தக் காலத்திலும் நீர் இருக்கும் மட்டத்துக்கு இறங்கிப் போகும்படி படிகள் அமைத்திருக்கிறார்கள். நிலத்துக்குக் கீழே ஐந்து தளங்கள். மூன்று பக்கத்திலிருந்தும் இறங்கலாம். கீழே போகப் போக வெயில் குறைந்து உடம்பு குளிர்ந்தது. சுவரில் மோர் கடையும் பெண்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இங்கே சிறிது நேரம் இருந்து கதைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைக் கட்டுவித்தவர் ரூடாபாய் என்ற ராணி. ஆண்டு 1499. அதைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆனால் வழிகாட்டிகள் சொல்வது வேறொரு கதை. ராணியின் கணவர் சுல்தான் மகமூத் பேகடாவுடனான போரில் இறந்தாராம். வென்ற சுல்தான் ராணியை மணக்க விரும்பினாராம். கணவர் தொடங்கிய கிணற்றைக் கட்டி முடித்தால் சம்மதம் என்றாராம் ராணி. கிணறு முடிந்த அன்று, கடவுளை வணங்கிவிட்டு அதற்குள்ளேயே பாய்ந்துவிட்டாராம். கேட்டவர்கள் எல்லோரும் கண்கலங்கினார்கள். எனக்கு ஏனோ அந்தக் கதை மனதில் ஒட்டவில்லை. கணவரை இழந்த பெண்ணின் கதை என்றால் சாவில்தான் முடிய வேண்டுமா?

ஊர் திரும்பியதும் சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றுக் கதை முடிந்தபோது சபை அமைதியாக இருந்தது. பின்வரிசையில் இருந்த பொருளாளர் அக்காதான் வாய் திறந்தார்.

"அது பொய்க் கதை மிஸ். கிணறு கட்டி முடிச்சவள் அதுக்குள்ள விழுந்து ஊர் குடிக்கிற தண்ணியைப் பழுதாக்குவாளோ?"

மீள்குடியேறியபோது குப்பை நிறைந்து கிடந்த தன் வீட்டுக் கிணற்றை மூன்று நாட்கள் நின்று இறைப்பித்தவர் அவர். இன்று அயலில் நான்கு குடும்பங்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. அதை அவருக்கே நினைவூட்டினேன். "உங்கட கையால தண்ணி குடிக்கிற சனம், உங்கட முகத்தில முழிச்சால் என்ன குறைஞ்சுபோகும் அக்கா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கொழும்பில் ஒரு செயலமர்வுக்காக விடியற்காலையில் புறப்பட்டேன். படலையடியில் ஒரு டோர்ச் வெளிச்சம் தெரிந்தது. இடியப்பப் பார்சலோடு அக்கா நின்றிருந்தார். சகோதரிகளே, அந்தப் பயணம் நல்லபடியாகவே முடிந்தது.