அகத்தித் தீவின் அடிக்கடல்

கடலுள் மூழ்கிப் பவளங்களையும் வண்ண மீன்களையும் கண்டு வர வேண்டும் என்னும் ஆவல் இக்காலத்து இளைஞரிடையே பெருகி வருகிறது. விடுமுறைக்கு மாலத்தீவோ இலட்சத்தீவோ என்று குடும்பங்களில் பேச்சு எழுகிறது. கட்டணம் எவ்வளவு, தங்கும் அறை எப்படி என்பனவே முதலில் எழும் கேள்விகள். ஆயினும் அத்தகைய தீவுக்குச் செல்ல விழைவோர் முதற்கண் அறிய வேண்டியது அத்தீவு எதனால் ஆனது என்பதே. அதனை அறிந்துகொண்டால் பிரயாணத் திட்டத்தில் பாதி தானே அமைந்துவிடும்.

இலட்சத்தீவுகளுள் ஒன்றான அகத்தியை எடுத்துக்கொள்வோம். கொச்சியிலிருந்து 459 கிலோமீட்டர் தொலைவில் அரபிக் கடலில் உள்ளது இது. நீளம் ஏழரைக் கிலோமீட்டர் அளவு. மிக அகன்ற இடத்திலும் அகலம் ஒரு கிலோமீட்டர்தான். இச்சிறு மணல் திட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,000 பேருக்கு மேல் வாழ்கின்றனர். தெற்கு முனையில் 1988-இல் விமான நிலையம் அமைக்கப்பட்டது. மேற்கே பவளத்திட்டு அரண்போல் நின்று பேரலைகளைத் தடுக்க, உட்புறம் குளம்போல் அமைதியாகப் பச்சை நிறத்தில் ஒளிர்கிறது உட்கடல். அரணுக்கு வெளியே கடல் திடீரென ஆழ்ந்து கருநீலமாகிறது. மூழ்கிக் காண வருவோர் நாடுவது இந்த வெளிச்சரிவையே.

இந்த அரணைக் கட்டியவை மிகச் சிறிய உயிர்கள். எரிமலை ஒன்று மெல்ல மெல்லக் கடலுள் அமிழ, அதன் ஓரத்தில் வளர்ந்த பவளங்கள் ஒளியை நாடி மேன்மேலும் கட்டிக்கொண்டே வர, மலை மறைந்து வளையம் மட்டும் எஞ்சுகிறது என்று சார்லஸ் டார்வின் 1842-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1952-இல் பசிபிக் கடலின் எனிவெட்டாக் தீவில் துளையிட்டுப் பார்த்தபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தென்பட்டது. அவர் கூற்று மெய்யாயிற்று. அவ்வளவு கனமும் பவள உயிர்கள் விட்டுச் சென்ற சுண்ணாம்பே.

இத்தகைய தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறுகளில் ஊறுவது அதுவே. மிகுதியாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். இக்குறையைத் தீர்க்கச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தித் தீவில், நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தது. பின்னர் அகத்திக்கும் அத்தகைய நிலையம் வந்தது. ஆகவே விருந்தினர் ஒருவர் குளியலறையில் வீணாக்கும் ஒவ்வொரு குடமும் தீவினர் பங்கிலிருந்து போவதே ஆகும்.

நம் உடலுக்கும் எல்லை உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம் முன்னோர் மூச்சை அடக்கி மூழ்கினர். காற்றுக்கலம் சுமந்து மூழ்குவோர் எக்காரணத்தாலும் மூச்சை அடக்கலாகாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே உள்ளிழுத்த காற்று மேலே வரும்போது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜனும் மெல்ல வெளியேற வேண்டும். எனவே நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் விரைந்து ஏறாமல், ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி வருவது முறை. பல நாள் மூழ்கியவர் அதன்பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறலாகாது. ஆதலால் கடைசி நாளைக் கரையில் கழிக்குமாறு பயணச்சீட்டை முன்னரே வாங்குவதே அறிவுடைமை. ஆஸ்துமா, இருதய நோய், காதுக் கோளாறு உடையோர் மருத்துவரைக் கேளாமல் புறப்பட வேண்டாம். கடுமையான நோய் கண்டால் தீவினரே கொச்சிக்குக் கொண்டுசெல்லப்படுகின்றனர் என்பதை நினைவிற்கொள்க.

இவையனைத்தினும் மேலான கவலை ஒன்று உண்டு. கடல் நீர் வழக்கத்தைவிட ஒரு பாகை அளவு சூடேறிப் பல வாரம் நீடித்தால், பவளம் தனக்கு உணவளிக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகிறது. சூடு தணியாவிடில் மடிகிறது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுகளில் இது நேர்ந்தது. அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய மூன்றிலும் 1998 முதல் 2022 வரை நடத்திய ஆய்வில், உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. அகத்தி மீனவர் தூண்டிற்கோலால் சூரை பிடிப்பவர்கள். அதற்கு இரையாகும் சிறு மீன்கள் உட்கடலிலும் பவள இடுக்குகளிலும் வாழ்பவை. நம் கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாடும் சூரையில் ஆவதே. பவளம் தேய்ந்தால் அவர்தம் அடுப்பும் தணியும். அலையைத் தடுக்கும் அரணும் தளரும்.

எனவே செல்ல விரும்புவோர் செய்யத்தக்கவை இவை. நிர்வாகத்தின் அனுமதிச்சீட்டை முன்னதாகவே பெறுக. இந்தியக் குடிகளுக்கும் அது தேவை. அக்டோபர் முதல் மே முற்பாதி வரை உள்ள காலமே ஏற்றது. மிதக்கவும் நிலைகொள்ளவும் நீச்சற்குளத்தில் நன்கு பழகிய பின்னரே பவளத்தின் அருகே செல்க; ஒரு காலுதை பல ஆண்டு வளர்ச்சியை முறித்துவிடும். வெயிலுக்குப் பூச்சு மருந்துகளைவிட முழுக்கைச் சட்டை நன்று. பவளத் துண்டு எதையும் எடுத்துவர வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. கொண்டுசென்ற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவருக. தீவினர் இசுலாமியர், ஊருக்குள் அடக்கமான உடை அணிந்து செல்வது அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

விருந்துக்குப் போன வீட்டில் அடுக்களைப் பானையில் எவ்வளவு உள்ளது என்று அறிந்து உண்பவரே நல்ல விருந்தினர். பவளத்தீவுக்குச் செல்வோரும் அவ்வாறே சென்று வந்தால், நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் அங்கே காண ஏதேனும் இருக்கும்.